கிளெய்ம் ரிஜெக்ட் ஆன பிறகு: மலையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பர்லியார் தாண்டி மரப்பாலம் வருவதற்குள் வண்டி இழுவை விட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம்தான் வருகிறது, வேகம் வரவில்லை. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹார்ன் அடித்து அலுத்துப்போய், பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "நீலப் புகையா தள்ளுதுங்க, ஓரங்கட்டிருங்க" என்றார். ஓரங்கட்டினேன். தூறல் மழை, கொண்டை ஊசி வளைவு, ரிகவரி வண்டி வர மூன்று மணி நேரம்.

கோவையில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் வாங்கிய டீசல் வண்டி அது. வாங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. சர்வீஸ் சென்டரில் அட்வைசர் பார்த்துவிட்டு, "டர்போ போயிருச்சு சார், எஸ்டிமேட் 72,000 வரும்" என்றபோது நான் பெரிதாக அதிரவில்லை. டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். காரோடு சேர்த்து ஒரு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தேனே! நான்காம் நாள் செல்போனில் ஒரு வரி வந்தது: முறையான பராமரிப்பு இல்லாததால் உங்கள் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.

எந்த விதி, என்ன ஆதாரம், யார் முடிவெடுத்தது என்று ஒன்றும் இல்லை. அதிகம் பேர் இந்த இடத்திலேயே கையை விரித்துவிடுகிறார்கள். கஸ்டமர் கேருக்கு நாலு முறை போன் செய்து கத்திவிட்டு, கடைசியில் கார்டைத் தேய்த்து வண்டியை எடுத்து வந்துவிடுகிறார்கள். நானும் முதல் இரண்டு நாள் கத்தத்தான் செய்தேன். அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

கையில் இருப்பது எந்த வாரண்டி?

எக்ஸ்டெண்டட் வாரண்டி என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் விற்கின்றன. கார் தயாரிக்கும் கம்பெனியே, முதல் வாரண்டி முடிந்ததும் கூடுதல் வருடங்களுக்குக் கொடுப்பது ஒன்று. டீலரோ பழைய கார் விற்பவரோ தன் சொந்தப் பொறுப்பில் எழுதிக் கொடுப்பது இரண்டாவது. காரைத் தயாரிக்கவும் செய்யாத, விற்கவும் செய்யாத ஒரு வெளிக் கம்பெனி பணம் வாங்கிக்கொண்டு, இன்னின்ன பாகம் கெட்டால் சரிசெய்யும் செலவு எங்களுடையது என்று ஒப்பந்தம் போடுவது மூன்றாவது. என்னுடையது மூன்றாவது வகை.

இந்த மூன்றாவது வகையில்தான் ஆள் யார் என்பதே குழப்பம். வாரண்டியை நமக்கு விற்றது கோவைக் கடைக்காரர். அட்டையில் பெயர் இருப்பது வாரண்டி கம்பெனி. சில சமயம் அதற்கும் பின்னால் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி நிற்கும். பிரச்சினை வந்ததும், "நாங்க வித்ததோட சரி, அவங்களைக் கேளுங்க" என்று முதலாமவர் சொல்வார். "இன்சூரன்ஸ்ல அப்ரூவல் வரல" என்று இரண்டாமவர் சொல்வார். மூன்றாமவரின் போன் நம்பரே நம்மிடம் இருக்காது. ஆகவே காகிதத்தை எடுத்து, அதில் எத்தனை பெயர்கள், என்னென்ன முகவரிகள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இனி எழுதும் கடிதம் எல்லோருக்கும் போக வேண்டும்.

அடுத்தது, அந்தக் காகிதம் எந்தப் பாணியில் எழுதப்பட்டிருக்கிறது என்பது. சிலவற்றில் பட்டியலில் இருக்கும் பாகங்களுக்கு மட்டும் காப்பு உண்டு. வேறு சிலவற்றில், பட்டியலில் இருப்பவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காப்பு உண்டு. முதல் வகையில் பாகத்தின் பெயர் பட்டியலில் இருப்பதை நாம் காட்ட வேண்டும். இரண்டாவது வகையில் அது விலக்கில் இருக்கிறது என்று அவர்கள் காட்ட வேண்டும். விற்கும்போது கையில் கொடுக்கும் வழவழப்பான மடிப்பு நோட்டீஸ் எப்போதும் இரண்டாவது வகை மாதிரித்தான் பேசும். உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் விதிகளைப் பார்த்தால் பெரும்பாலும் முதல் வகையாக இருக்கும். அந்த நோட்டீஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எதைச் சொல்லி விற்றார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

சில நிராகரிப்புகள் சரியானவைதான்

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் அருவங்காட்டில் வேலை. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏ.எம்.டி. வகைச் சின்னக் கார் வைத்திருக்கிறார். கிளட்ச் வழுக்குகிறது என்று கிளெய்ம் போட்டார், மறுத்துவிட்டார்கள். என்னிடம் காகிதத்தைக் கொண்டுவந்து, "தம்பி, இவங்கள விடக்கூடாது" என்றார். படித்துப் பார்த்தேன். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், டயர், பேட்டரி, பல்பு எல்லாம் தேய்மானப் பொருள்கள், காப்பு கிடையாது என்று தெளிவாகவே போட்டிருந்தது. அதே வண்டியில் கிளட்சை இயக்கும் ஆக்சுவேட்டர் கெட்டிருந்தால் அது பட்டியலில் இருந்தது. தேய்ந்தது பிளேட். அண்ணனுக்கு என் மேல் ஒரு வாரம் வருத்தம்.

மலையில் கிளட்சும் பிரேக்கும் சமவெளியைவிடச் சீக்கிரம் தேய்வது யார் குற்றமும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு, நெரிசலில் நின்று நின்று ஏறினால் கிளட்ச் எரியத்தான் செய்யும். ஆனால் ‘மலைப்பாதையில் ஓட்டியிருக்கிறீர்கள், அது தவறான பயன்பாடு’ என்று கடிதம் வந்தால் அது வேறு விஷயம். TN என்பதற்குப் பிறகு 43 போட்ட வண்டியை மலையில் ஓட்டாமல் வேறு எங்கே ஓட்டுவது? முகவரியில் குன்னூர் என்று எழுதி வாங்கித்தானே வாரண்டியை விற்றார்கள்? மலையில் ஓட்டக் கூடாது என்ற விதி காகிதத்தில் இல்லாவிட்டால், அதைத் தவறான பயன்பாடு என்று நீட்டிப் படிக்க விடக் கூடாது.

எந்த விதி, என்ன ஆதாரம், என்ன தொடர்பு

நிராகரிப்பு நிற்க வேண்டுமானால் மூன்று கால் வேண்டும். எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்பது முதல் கால். அந்த விதியை நான் மீறினேன் என்பதற்கு என்ன ஆதாரம் என்பது இரண்டாவது. அந்த மீறலால்தான் இந்தப் பாகம் கெட்டது என்பதற்கு என்ன தொடர்பு என்பது மூன்றாவது. சில ஒப்பந்தங்கள் மூன்றாவதை வெட்டிவிடும். சர்வீஸ் தவறினால், எது கெட்டாலும் வாரண்டி செல்லாது என்று எழுதி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தாலும் முதல் இரண்டும் அவர்கள் தலையில்தான்.

என் விஷயத்தில் முதல் காலே இல்லை. விதி எண் கேட்டு மின்னஞ்சல் போட்டேன். ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது: சர்வீஸ் இடைவெளி 11,360 கி.மீ., அனுமதிக்கப்பட்டது 11,000. சரி, இப்போது பிடிக்க ஒரு நூல் கிடைத்தது. விதியைப் புரட்டினேன். முந்தைய சர்வீஸிலிருந்து 10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அதற்குள் சர்வீஸ் செய்ய வேண்டும், அதற்கு மேல் 1,000 கி.மீ. வரை சலுகை உண்டு என்று இருந்தது.

நான் சர்வீஸ் செய்தது 58,760-ல். அதற்கு முந்தைய சர்வீஸ் 48,210-ல். கழித்தால் 10,550, சலுகைக்குள் வருகிறது. அவர்களுக்கு 11,360 எங்கிருந்து வந்தது? அரை நாள் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. கார் என் கைக்கு வந்த அன்று மீட்டரில் இருந்தது 47,400. அதிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். வாங்கிய கொஞ்ச நாளில் நான் செய்த சர்வீஸின் பில் அவர்கள் கணினியில் ஏறவே இல்லை. 72,000 ரூபாய் சண்டையின் கரு இந்த 810 கிலோமீட்டர்தான்.

பில் என் கையில் இருந்ததால் தப்பித்தேன். அது இல்லையென்றால், சர்வீஸ் செய்த இடத்தில் வண்டி எண்ணைச் சொல்லி நகல் கேட்கலாம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்களின் கணினியில் பழைய ஜாப் கார்டு விவரங்கள் இருக்கும். முந்தைய உரிமையாளர் காலத்து சர்வீஸ்களும் அதில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

‘பராமரிப்பு இல்லை’ என்ற குற்றச்சாட்டுக்கு இயந்திரத்திலேயே பதில் இருக்கும். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அதன் பேரிங்கைக் காப்பாற்றுவது இன்ஜின் ஆயில்தான். ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயிலும், இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியிலும் தார் மாதிரி கசடு படிந்திருக்கும். கசடு இருந்தால் படம் எடுத்துக் காட்டட்டும். இல்லையென்றால் அந்தச் சுத்தமான குழாயின் படம் நம் பக்கத்துச் சாட்சி. கலப்பட டீசல் என்று சொன்னாலும் இதே கேள்விதான்: மாதிரி எடுத்தீர்களா, எங்கே சோதித்தீர்கள், அறிக்கை எங்கே?

விலக்கு விதியைச் சொல்லிப் பணம் தர மறுப்பவர்தான் அந்த விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும் என்பது காப்பீட்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லி வருவது. நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தை நுகர்வோர் ஆணையத்துக்கு வந்த பிறகு கிளப்ப முடியாது என்று 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் சொன்னது. வாங்குபவருக்குத் தெரிவிக்காமல் ஒளித்துவைத்த விலக்கு விதியை நம்பி நிற்க முடியாது என்று 2022-ல் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில் சொன்னது. இவை இன்சூரன்ஸ் பற்றிய தீர்ப்புகள். வெளிக் கம்பெனி வாரண்டிக்கு அப்படியே ஒட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் ஒரே சாடையில் எழுதப்படும் ஒப்பந்தங்கள் என்பதால் வாதத்துக்கு எடுத்து வைக்கலாம். மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். போனில் சொன்ன காரணம் நாளைக்கு மாறும்.

கெட்ட பாகத்தை விட்டுவிடாதீர்கள்

சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்க்க நம் கையெழுத்து கேட்பார்கள். காப்பு இல்லை என்று முடிவானால் பிரித்த கூலி நம் தலையில் விழும் என்று அந்தத் தாளில் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். பிரிக்கும்போது பக்கத்தில் நின்று படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். மீட்டர் ரீடிங், ஆயில் குழாய், பாகத்தின் மேல் உள்ள எண், உடைந்த இடம் நாலையும் எடுங்கள்.

மலைக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை. பல கம்பெனிகளுக்கு மேலே பெரிய ஒர்க்‌ஷாப் கிடையாது, கோவைக்குத்தான் போக வேண்டும். நடுவழியில் நின்றால் முதலில் ஓடி வருவது உள்ளூர் மெக்கானிக். அவர் பானெட்டைத் திறந்து நாலு இடத்தில் கை வைத்தாலே, ‘அங்கீகாரம் இல்லாதவர் பழுது பார்த்தார்’ என்று ஒரு காரணம் பிறந்துவிடும். அவசரத்துக்கு அவரைக் கூப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் என்ன செய்தார் என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள்: ‘குழாய் கிளிப் இறுக்கிப் பார்த்தேன், எதையும் கழற்றவில்லை’ என்று தேதி போட்டு ஒரு கையெழுத்து. அதோடு, முன் அனுமதி இல்லாமல் பழுது பார்த்தால் பணம் இல்லை என்ற விதி கிட்டத்தட்ட எல்லா வாரண்டியிலும் இருக்கும். வண்டி நின்ற அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, புகார் எண் வாங்கிவிட வேண்டும். மண்சரிவில் ரோடு அடைத்து வண்டியை இரண்டு நாள் கழித்துத்தான் இறக்க முடிந்தது என்றால், அடைத்த செய்தி வந்த பேப்பரையும் எடுத்து வையுங்கள்.

வழக்கு முடியும் வரை வண்டியை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. பஸ் கிடைக்காத ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், இருப்பவர் எத்தனை மாதம் காரில்லாமல் இருப்பார்? இத்தனாம் தேதி சொந்தச் செலவில் சரிசெய்யப் போகிறேன், அதற்குள் உங்கள் ஆளை அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஏழு நாள் அவகாசம் கொடுத்து எழுதிவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். என் டர்போ ஒரு சிமெண்ட் சாக்கில், விறகுக் கொட்டகையில் கிடந்தது.

கடிதம்

போனைவிடக் கடிதத்துக்கு மரியாதை அதிகம். மின்னஞ்சலிலும் அனுப்பி, ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். ரசீதையும் டெலிவரி விவரத்தையும் கோப்பில் போடுங்கள். கம்பெனிகளின் தலைமை அலுவலகம் பெரும்பாலும் வெளி மாநிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்தில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும். நான் முதலில் தமிழில் எழுதி, பிறகு மாற்றினேன். அது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"என் வாரண்டி எண் இது, வண்டி எண் இது. இந்தத் தேதியில் டர்போ செயலிழந்தது, அன்றே உங்களுக்குத் தெரிவித்தேன், புகார் எண் இது. உங்கள் பட்டியலில் டர்போ சேர்ந்திருக்கிறது. சர்வீஸ் இடைவெளி 11,360 கி.மீ. என்று சொல்லி மறுத்திருக்கிறீர்கள். உங்கள் விதி முந்தைய சர்வீஸிலிருந்து எண்ணச் சொல்கிறது. முந்தைய சர்வீஸ் 48,210 கி.மீ., அதன் பில் நகலை இணைத்திருக்கிறேன். இடைவெளி 10,550 கி.மீ. ஆகவே விதி மீறப்படவில்லை. வேறு காரணம் இருந்தால் விதி எண்ணுடனும் ஆய்வறிக்கையுடனும் தெரிவிக்கவும். 15 நாளுக்குள் கிளெய்மை ஏற்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன்."

அவ்வளவுதான். திட்டு இல்லை, புலம்பல் இல்லை. மன உளைச்சலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு அதை அடித்துவிட்டாள். நல்ல காரியம் செய்தாள், ஏனென்றால் படிப்பவர் கண் அந்த இரண்டு எண்களில் நேராகப் போய் விழுந்தது.

அப்புறம், கடிதம் போட்ட கையோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். தமிழிலேயே பேசலாம், செலவு கிடையாது. அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் கஸ்டமர் கேரில் அலைக்கழிக்கப்படும் விஷயம், கம்பெனிக்குள் கொஞ்சம் மேலே இருப்பவர் மேசைக்கு இதனால் போக வாய்ப்பு உண்டு.

உங்கள் பெயரிலேயே இன்சூரன்ஸ் பாலிசியாக வாரண்டி தரப்பட்டிருந்தால் இன்னொரு வழியும் திறக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணம் இல்லை. ஆனால் அதே விஷயத்துக்கு ஏற்கெனவே நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருந்தால் அவர் எடுக்க மாட்டார். வாரண்டி கம்பெனி தன் பாதுகாப்புக்காக எடுத்த பாலிசி என்றால் இந்தக் கதவு நமக்குத் திறக்காது.

ஊட்டியிலேயே வழக்குப் போடலாம்

விதிகளின் கடைசிப் பக்கத்தில், ‘வழக்குகள் எல்லாம் இன்ன நகரத்து நீதிமன்றத்தில் மட்டும்’ என்றோ ‘நடுவர் மூலம்தான் தீர்க்க வேண்டும்’ என்றோ ஒரு வரி இருக்கும். பஸ் ஏறிக் கோவை போவதற்கே யோசிக்கும் ஆளை அந்த வரி நன்றாகப் பயமுறுத்தும். பயப்பட வேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ புகார் கொடுக்கலாம் என்கிறது. பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. நீலகிரிக்காரர்களுக்கு உதகமண்டலத்தில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல் இறங்க வேண்டும். நடுவர் விதி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் சொல்லிவிட்டது.

பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். அந்தத் தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. 5-லிருந்து 10 லட்சம் வரை 200 ரூபாய். வாரண்டிக்குக் கட்டியது சில ஆயிரங்கள்தான் என்பதால் பெரும்பாலும் கட்டணம் வராது. வக்கீல் கட்டாயம் இல்லை, நாமே நின்று பேசலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதி வழியாகப் புகார் பதியலாம். காணொலி வழியே விசாரணை கேட்டு மனுப் போடவும் சட்டத்தில் இடம் உண்டு.

எதிர்த்தரப்பாக விற்றவர், வாரண்டி கம்பெனி, பின்னால் நிற்கும் இன்சூரன்ஸ் கம்பெனி என எல்லோரையும் சேருங்கள். ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். மேலே அதிகபட்சம் 15 நாள் அவகாசம், அதற்கு மேல் கிடையாது. பாகத்தைச் சோதிக்காமல் உண்மை தெரியாது என்றால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். சிமெண்ட் சாக்குக்கு அப்போதுதான் மதிப்பு. மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கும் என்று எதிர்பார்த்தே போங்கள்.

கேட்கும் தொகையை ஊதாதீர்கள். பழுதுச் செலவு, ரிகவரி வண்டிச் செலவு, வட்டி, அலைச்சலுக்கு நியாயமான ஓர் இழப்பீடு, வழக்குச் செலவு. 72,000 ரூபாய் பில்லுக்குப் பத்து லட்சம் நஷ்டஈடு கேட்டால் மற்ற எண்களின் மேலும் சந்தேகம் விழும். இன்னொன்று: ‘இந்த விதியே அநியாயமானது’ என்று ஒப்பந்தத்தையே எதிர்த்துக் கேட்பதென்றால் மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். விதி சரி, அதை எனக்குத் தப்பாகப் பொருத்தினார்கள் என்று சொல்ல ஊட்டியே போதும்.

காலக்கெடு இரண்டு வருடம். நிராகரித்த தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். இடையில் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டுக்கொண்டிருந்தால் கெடு நீளும் என்று நம்பிவிடாதீர்கள்.

மஞ்சள் போர்டு, வெள்ளை போர்டு

சீசனில் சொந்தக் காரை டூரிஸ்ட்டுகளுக்கு ஓட்டுபவர்கள் நம் ஊரில் உண்டு. வெள்ளை போர்டு வண்டி, தனிப்பட்ட பயன்பாடு என்று சொல்லி வாங்கிய வாரண்டி. ஏப்ரல், மே மாதங்களில் தொட்டபெட்டாவுக்கும் பைக்காராவுக்கும் வாடகை ஓட்டம். கிளெய்ம் போகும்போது மாதக் கிலோமீட்டரைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த நிராகரிப்பை உடைப்பது கஷ்டம், உடைக்க முயலவும் நான் சொல்ல மாட்டேன்.

மஞ்சள் போர்டு டாக்ஸியோ கேரட் ஏற்றும் பிக்கப்போ வைத்து, தானே ஓட்டிப் பிழைப்பவர் கதை வேறு. வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொன்னாலும், சுயதொழில் செய்து வயிற்றைக் கழுவுவதற்காக மட்டும் வாங்கியவருக்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. கேத்தி பாலாடாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குத் தானே வண்டி ஓட்டுபவர் தாராளமாக ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அவருடைய வாரண்டி வணிக வண்டிக்குச் செல்லுமா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும்.

எனக்குக் கிடைத்தது

கடிதம் போய்ச் சேர்ந்த பத்தொன்பதாம் நாள், இதுவரை கேட்காத குரலில் ஒருவர் அழைத்தார். "சார், எங்க சைடுல ஒரு டேட்டா மிஸ்டேக் இருந்திருக்கு" என்றார். டர்போவுக்கும் கேஸ்கெட்டுகளுக்கும் முழுத் தொகை, கூலி அவர்கள் ரேட்டில், ரிகவரி வண்டிக்கு ஒன்றும் இல்லை. கூட்டினால் 58,000 சொச்சம். ரிகவரிக்குக் காப்பு இல்லை என்று விதியிலேயே இருந்தது, அதை நான் விட்டுவிட்டேன். கூலி வித்தியாசத்துக்காக வழக்குப் போடலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன்.

பணம் போடுவதற்கு முன் ஒரு தாள் அனுப்பினார்கள்: முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மீதியைக் கேட்பது மிகக் கடினம். வற்புறுத்தி வாங்கினார்கள் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். மீதிக்குப் போராடப் போகிறீர்கள் என்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல், இதைப் பகுதித் தொகையாக மட்டும் ஏற்கிறேன் என்று எழுதி அனுப்ப வேண்டும். நான் போராடுவதில்லை என்று முடிவு செய்து, தெரிந்தே கையெழுத்துப் போட்டேன்.

பதினோராம் நாள் பணம் வந்தது. கூடவே ஒரு மின்னஞ்சல், பழைய பாகத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி. சாக்கைத் தூக்கிக்கொண்டு குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்சல் ஆபீஸுக்குப் போனேன். கட்டிக் கொடுத்தவர், "என்னங்க இது, இந்த கனம் கனக்குது?" என்றார். அனுப்பும் செலவு 180 ரூபாய், அது மட்டும் என் கணக்கு.